ஊதச் சொன்ன குரல்

எனக்குக் கோகிலவாணி என்று பெயர் வைத்தவர்கள் என் குரலைக் கேட்டுவிட்டு வைக்கவில்லை. வளர வளர அது தகரத்தை ஆணியால் கீறுகிற குரலாக வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் பாட ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. அந்தக் குரல்தான் பிறகு அறுபத்தொரு மொழிகளில் பேசியது. லிமாவில் ஒரு சுரங்கத் தொழிலாளி, நைரோபியில் ஒரு சமையற்காரி, டாக்காவில் ஒரு செங்கல் சூளைக்காரர் என்று எல்லாரும் ஒரு குழாயை வாயில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதைக் கேட்டு ஊதினார்கள். மொழி அவர்களுடையது, குரல் என்னுடையது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், நெஞ்சுநோய்ப் பிரிவில், ஊதுற டெஸ்ட் எடுப்பது என் வேலை. சுற்றிலும் நூற்பாலைகள். பஞ்சுத் தூசியை இருபது முப்பது வருஷம் உள்ளே இழுத்தவர்கள் கடைசியில் என் அறைக்குத்தான் வருவார்கள். மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாயைக் கவ்வி, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஒரே வேகத்தில் வெளியே தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இனிமேல் உள்ளே காற்றே இல்லை என்று தோன்றிய பிறகும் தள்ள வேண்டும். அங்கேதான் சூட்சுமம். அந்த இடத்தில் எல்லாருக்கும் விட்டுவிடத் தோன்றும். விட்டுவிட்டால் மெஷின் பாதி உண்மையைத்தான் காட்டும். நெஞ்சின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சக் காற்றை வெளியே வரவைப்பது டெஸ்ட் எடுக்கிறவளின் சாமர்த்தியம்.

சும்மா "ஊதுங்க ஊதுங்க" என்று கத்தினால் வராது. எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். ஆளை உட்காரவைத்து இரண்டு நிமிஷம் பேச்சுக் கொடுப்பேன். "நீங்க வாழ்க்கையில என்னத்த ஊதியிருக்கீங்க?" என்று கேட்பேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சொல்வார்கள். உலகத்தில் எதையுமே ஊதாத மனுஷர் கிடையாது. ஒரு அம்மா ஈர விறகோடு மல்லுக்கட்டியிருப்பாள். "அடுப்பு அணையுது ஆத்தா, பிள்ளைக பள்ளிக்கூடம் போகணும், விடாதீங்க" என்பேன். கண்ணில் தண்ணீர் வர ஊதித் தள்ளுவாள். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வந்தார். "அண்ணே, பஸ்ஸு ரிவர்ஸ்ல வருது, பின்னால ஒரு பிள்ளை நிக்குது, விசில விட்டுறாதீங்க" என்றேன். மனுஷர் முகம் கறுத்து, குழாயே பிய்ந்துவிடும்போல் ஊதினார்.

"கோகிலாக்கா எடுத்த நம்பர்ல பொய் இருக்காது" என்று டாக்டர் ஷமீமா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வாயாரப் புகழ்கிற மனசு யாருக்கு வரும்? நான் உச்சி குளிர்ந்து போவேன்.

என் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி மில்லில் புளோரூமில் வேலை பார்த்தார். பேல் கட்டை உடைத்துப் பஞ்சை மெஷினில் போடுகிற இடம் அது. ஷிப்டு முடிந்து வரும்போது புருவமெல்லாம் நரைத்த மாதிரி இருக்கும், நாற்பது வயதிலேயே. அதிகம் பேசமாட்டார். நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன். "இந்தக் குரல் சொன்னத நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?" என்பார் கேலியாக. கல்யாணமான புதிதில் ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து என் இடது கையில் கொட்டிவிட்டது. டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழிநெடுக என் கையைப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டே வந்தார். பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் "எரிச்சல் கொறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். பாதி வழியிலேயே குறைந்துவிட்டது. ஆனால் நான் "இன்னும் எரியுது" என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஊதுவதை நிறுத்திவிடுவாரே! தழும்பு இன்னும் இருக்கிறது.

இந்த உலகம் மூச்சுக்காக ஒன்றுசேர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மருந்துக்கு வாயில் நுழையாத பெயர். எங்கள் ஊரில் பச்சை மருந்து என்பார்கள். பச்சைப் புகையாக மூன்று வாரம் உள்ளே இழுத்தால், செத்துப்போன நுரையீரல் மறுபடி தளிர்க்கும். ஒரு நாட்டில் செல்லை எடுத்து, இன்னொரு நாட்டில் வளர்த்து, மூன்றாவது நாட்டில் பதப்படுத்த வேண்டும். ஒரு ஆளுக்கான மருந்து விளைய பதினொரு மாதம்; முன்கூட்டியே விளைவித்துச் சேர்த்து வைத்திருப்பார்கள். தனியாக எந்த நாட்டாலும் ஆகாத காரியம். அதனால் நூற்றுப் பன்னிரண்டு நாடுகள் உட்கார்ந்து, மூச்சுக் கூட்டமைப்பு என்று ஒன்றைத் தொடங்கிக் கையெழுத்துப் போட்டன. அவர்கள் வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். ஆரோக்கியமான ஆள் நூறு ஊதுவார் என்றால், நாற்பதுக்குக் கீழே ஊதுகிறவருக்கு மருந்து. நாற்பதோ அதற்கு மேலோ ஊதினால் ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி ஊத வேண்டும். சிபாரிசு கிடையாது, ஏழை பணக்காரன் கிடையாது, இந்த நாடு அந்த நாடு கிடையாது. இவ்வளவு நியாயமான ஒன்றை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

கூட்டமைப்பிலிருந்து ஓயுனா என்று ஒரு பெண் வந்தாள். மங்கோலியாக்காரி, பொறியாளர். அவள் ஊரில் குளிருக்கு நிலக்கரி எரித்து எரித்து, குளிர்காலம் முழுக்கப் புகைக்குள்தான் ஜனம் இருக்குமாம். அவளுடைய அம்மாவுக்கும் நெஞ்சு போய்விட்டதாம். கழுத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி மாட்டியிருந்தாள். அவள் என்ன பேசினாலும் அது வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் சொல்லும். இரண்டு நாள் என் அறை மூலையில் உட்கார்ந்து, நான் டெஸ்ட் எடுப்பதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"உங்கள் பகுதியில் மருந்து கிடைத்தவர்கள் மிகக் குறைவு. காரணம் தெரியுமா?"

"எங்க ஆளுகளுக்கு நோய் கம்மியா இருக்கும்."

"இல்லை. பல நாடுகளில் நோயாளிகளை அரைமனதோடு ஊத வைக்கிறார்கள். எண் குறைகிறது. மருந்து கிடைத்துவிடுகிறது. உங்களிடம் அவர்கள் முழுமையாக ஊதுகிறார்கள். எனவே கிடைப்பதில்லை."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் நல்லா எடுக்கிறதுனாலதான் என் ஆளுகளுக்கு மருந்து வரலைங்கிறீங்களா?"

"ஆம்" என்றது கருவி. ஓயுனா என் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். "நாடுகளுக்குள் இதனால் சண்டை வந்துவிட்டது. உடன்படிக்கையே உடைந்துவிடும் நிலை. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நீங்களும் அரைமனதோடு வேலை செய்வது."

"இன்னொண்ணு?"

"உலகம் முழுவதும் நீங்களே சோதனை எடுப்பது."

நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று சொல்லவே வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷம் ஒரு பொய் நம்பர் போடாதவள் நான். எல்லாரும் முழுசாக ஊதிவிட்டால் எல்லாருக்கும் நியாயம் கிடைத்துவிடும் என்று நம்பினேன். கொஞ்சம் கர்வமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

பதினொரு நாள் என்னைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். நான் எப்படிப் பேச்சுக் கொடுக்கிறேன், எந்த நொடியில் அதட்டுகிறேன், எப்போது குரலைத் தாழ்த்திக் கெஞ்சுகிறேன் என்று எல்லாவற்றையும் மெஷினுக்குப் பழக்கினார்கள். ஒப்பந்தத்தில் ஓயுனா ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "குரல் உங்களுடையது. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஒரு பக்கப் படிவம் போதும்." அதை எதற்கு நான் திரும்பக் கேட்கப்போகிறேன் என்று சிரித்தேன்.

அடுத்த வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் அந்த மெஷின் வந்தது. அதற்குப் பிறகு அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. நான் நோயாளிக்கு நெஞ்சுப்பட்டை கட்டி, கிளிப் மாட்டி, புதுக் குழாய் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். உள்ளே என் குரல் பேச்சுக் கொடுக்கும். நெஞ்சுப்பட்டை மூலமாக அதற்கு எல்லாம் தெரியும். ஆள் விடப்போகிற அந்த நொடிக்கு முந்திய நொடியில் அது வாயைத் திறக்கும். நான் பத்தில் ஒன்பது பேரிடம் சாதித்ததை அது பத்துக்குப் பத்தும் சாதித்தது.

வருஷக் கடைசியில் கூட்டமைப்பு அறிக்கை வந்தது. சர்வதேச ஒத்துழைப்பின் பயனாக, உலகில் கடுமையான மூச்சு நோயாளிகள் முப்பத்தொரு சதவீதம் குறைந்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். தேவை குறைந்துவிட்டதால், மருந்து விளைவிக்கும் நான்கு மையங்களில் ஒன்றை மூடுகிறார்கள் என்று அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சால்வையோடு நிற்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டாக்டர் ஷமீமா மட்டும் கேக்கைத் தொடவில்லை. மறுநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"என்ன டாக்டர், நோய் குறைஞ்சா சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"நோய் எங்கக்கா குறைஞ்சது? என் ஓபி வரிசையைப் பாருங்க. அதே கூட்டம், அதே இரைப்பு." டம்ளரைக் கீழே வைத்தார். "நாப்பதுன்னு கோடு போட்டது எப்போ? உலகம் பூரா ஆளுக அரைகுறையா ஊதிக்கிட்டிருந்த காலத்துல. இப்போ உங்க குரலுக்கு எல்லாரும் முழுசா ஊதுறாங்க. ஆளுக்கு அஞ்சாறு பாயிண்ட் ஏறிருச்சு. கோடு மட்டும் அங்கேயே நிக்குது."

"அப்ப கோட்டை ஏத்த வேண்டியதுதானே?"

"நூத்திப்பன்னெண்டு நாடும் உக்காரணும். மூணு வருஷத்துக்கு ஒருக்காத்தான் உக்காருவாங்க. நடுவுல உக்காரணும்னா சோதனையே நின்னுபோகணும். அப்பத்தான் அவசரக் கூட்டம்."

நான் டீயைக் குடித்தேன். அது எனக்கு ஊர்ப் பிரச்சினையாகத்தான் பட்டது, என் பிரச்சினையாகப் படவில்லை. என் வீட்டுக்காரருக்கு அப்போது வெறும் இருமல்தான்.

அடுத்த தைக்குள் இருமல் இரைப்பாகிவிட்டது. வாசலில் இருந்து அடுப்படிக்கு வருவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நிற்பார். மில்லில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் ஷமீமா, "பச்சை மருந்து இல்லைன்னா வருஷக் கடைசி வரைக்கும் தாங்குறது கஷ்டம்கா" என்று என்னிடம் மறைக்காமல் சொன்னார். "முழுசா ஊதினா நாப்பது, நாப்பத்தொண்ணு வரும்னு தோணுது. பழைய காலத்துல அரைகுறையா எடுத்திருந்தா முப்பத்தஞ்சுலேயே முடிஞ்சிருக்கும். அவர் பாட்டுக்கு மருந்து வாங்கிட்டுப் போயிருப்பார்."

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது என் கைப்பையில் இரண்டு புதுக் குழாய்கள் இருந்தன. ஆஸ்பத்திரிப் பொருளை நான் அதற்கு முன் தொட்டதில்லை.

"ஏங்க, இதை வாயில வைங்க. நல்லா இழுத்து ஊதுங்க. நான் எண்ணுவேன். நாலு சொன்னதும் விட்டுறணும்."

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊரைப் பூரா விடாதீங்க விடாதீங்கன்னு கத்தின வாய்தானே இது?"

"பேச்சைக் கொறைச்சிட்டு ஊதுங்க."

"இது பொய் இல்லையா வாணி?"

"பொய்தான். இப்ப என்னங்கிறீங்க?"

அவர் குழாயை வாயில் வைத்தார். ஊதினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விட்டார். தினம் காலையில் அடுப்பை மூட்டும் முன்னால் ஐந்து தடவை. நான்காவது நொடியில் விடுவது அவருக்குப் பழகிவிட்டது. ஆனால் என் மெஷினை எனக்குத் தெரியும். அது சும்மா விடாது, என்னத்த ஊதியிருக்கீங்க என்று கேட்கும். அதற்கும் பதில் தயார் செய்தேன்.

"கேட்டா பலூன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லப்படாது. அம்பது வயசுக்கு மேல ஒருத்தனும் பலூனை உசிரைக் கொடுத்து ஊதமாட்டான்."

"பலூன்" என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பங்குனியில் அவருடைய முறை வந்தது. நெஞ்சுப்பட்டையை நானே கட்டினேன். கிளிப் போடும்போது மூக்கால் பேசினார்: "பலூன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. சத்தம் கேட்காது, ஆளின் முதுகு தெரியும். மூன்று தடவை ஊத வேண்டும், அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார்கள். வராந்தாப் பலகையில் எண் வரும்.

முதல் தடவை நான் கண்ணாடி வழியாக எண்ணினேன். சரியாக நான்கில் தோள் தளர்ந்தது. பலகையில் முப்பத்து நான்கு. இரண்டாவது தடவையும் நான்கில் விட்டார். முப்பத்தைந்து. எனக்குக் காலில் தெம்பு வந்தது. டாக்டர் ஷமீமா தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் உள்ளே ரொம்ப நேரம் பேச்சு நடப்பதுபோல் தெரிந்தது. அவர் தலை குனிந்திருந்தது. பிறகு நிமிர்ந்து மூச்சை இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தோள் தளர்ந்தது. அப்பாடா என்றேன். மறு நொடி அந்த முதுகு முன்னால் வளைந்தது. ஊதிக்கொண்டிருந்தார். ஐந்து, ஆறு. நான் கண்ணாடியைத் தட்டினேன். ஏழு. இரண்டு கையாலும் தட்டினேன். எட்டு. அவர் காலில் இருந்து செருப்பு கழன்று நழுவியது. ஒன்பது. பலகையில் நாற்பத்தொன்று வந்தது. கீழே சிவப்பில், ஆறு மாதம் கழித்து வரவும் என்று எழுத்து ஓடியது.

அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் ஆடித் தீர்த்துவிட்டேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நாலோட விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? சாகுறதுல உங்களுக்கு என்ன வீம்பு? நான் பெரிய ஆம்பளை, ஒம்போது செகண்டு ஊதுவேன்னு யாருக்குக் காட்டணும்?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "மூணாவது தடவை கொஞ்சம் கூடிப் போச்சு வாணி" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளி வைப்பேன். மிச்சம் இருந்த நாளில் பதினோரு நாளை நான் அப்படிச் செலவழித்தேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம். நான் அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிலைப்படிக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். "ரசம் ஊத்தவா, மோர் ஊத்தவா?" என்று கேட்டேன். பதில் இல்லை. பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். மறு சோதனைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

மகள் ஓசூரிலிருந்து வந்து பதினாறு நாள் இருந்துவிட்டுப் போனாள். நான் வேலைக்குத் திரும்பினேன். கிளிப் மாட்டுவது, குழாய் மாற்றுவது, கதவைச் சாத்துவது. அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே என் குரல் யாரையோ கெஞ்சிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். காது அடைத்த மாதிரி இருக்கும்.

ஐப்பசியில் ஓயுனா அழைத்தாள். திரையில் அவள் கண்கள் வீங்கியிருந்தன. அவள் அழுதுகொண்டே பேச, கருவி அதே செய்திக் குரலில் வாசித்தது.

"என் தாயார் நேற்று நாற்பத்து மூன்று ஊதினார். அவருக்கு மருந்து மறுக்கப்பட்டது. அவர் அடுத்த சோதனை வரை இருக்கமாட்டார்."

"என்னத்தச் சொல்லி ஊத வச்சது?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் சிறுமியாக இருந்தபோது, பனிக்காலத்தில் பள்ளியிலிருந்து வருவேன். என் விரல்கள் விறைத்திருக்கும். என் தாயார் வாயருகே வைத்து ஊதிச் சூடாக்குவார். அதை அவர் இயந்திரத்திடம் சொல்லியிருக்கிறார். உங்கள் குரல் எங்கள் மொழியில் 'அம்மா, விரல் குளிருது' என்றது. பதினோரு விநாடி ஊதினார்." ஓயுனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கள் குரலைத் திரும்பக் கேட்கலாம். கேட்டால் எல்லா நாட்டிலும் சோதனை நின்றுவிடும். அவசரக் கூட்டம் கூடியாக வேண்டும். கோட்டை மாற்றுவார்கள். இதை நான் உங்களிடம் கேட்கக் கூடாது. ஆனால் கேட்கிறேன்."

படிவம் அனுப்பியிருந்தாள். டாக்டர் ஷமீமாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் படித்தார்.

"கோடு மாறணும், சரிதான். ஆனா கூட்டம் கூடி முடிவெடுக்க ரெண்டு மூணு மாசம் ஆகும்கா. அதுவரைக்கும் யாருக்கும் சோதனை இல்லை, புது மருந்து இல்லை. இன்னைக்கு முப்பது ஊதுறவங்களும் வரிசையில நிப்பாங்க. அதுல சில பேரு போயிருவாங்க. அப்புறம் உங்க குரல் இல்லாம மறுபடி பொய் நம்பர் வரும். இதையும் யோசிச்சுக்கோங்க. நான் போடுங்கன்னும் சொல்லமாட்டேன், போடாதீங்கன்னும் சொல்லமாட்டேன்."

ஒரு வாரம் படிவம் கைப்பையிலேயே கிடந்தது. யாரைக் காப்பாற்ற யாரைக் கைவிடுவது? என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்துக் குழம்பினேன். ஆனால் அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஓயுனாவின் அம்மாவிடம் அது விரல் குளிருது என்றது. இவரிடம் என்ன சொன்னது? பலூனுக்கு ஒன்பது நொடி ஊதுகிற ஆளா அவர்?

ஓயுனாவிடம் அந்த நாளின் பதிவைக் கேட்டு வாங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஊதுற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அவர் உட்கார்ந்த அதே நாற்காலியில்.

"வணக்கம். நல்லா சாஞ்சு உக்காருங்க. நீங்க வாழ்க்கையில என்னத்த ஊதியிருக்கீங்க?" என் குரல்.

"பலூன்." கேட்டு முடிக்கும் முன்பே சொன்னார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

பலூனைச் சொல்லி அது ஊக்கியது. அவர் நான்கில் விட்டார். மறுபடி ஊதினார், மறுபடி நான்கில் விட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். நான் அவரை வீம்பு என்றேன்.

பிறகு என் குரல் தாழ்ந்தது. எனக்குத் தெரியும் அந்தத் தாழ்ச்சி. யாரும் மசியாதபோது நான் கையில் எடுப்பது அது.

"பாதியில விட்டுட்டீங்க. பரவாயில்ல. பலூன் வேண்டாம். வேற என்னத்தையாச்சும் ஊதியிருப்பீங்க. மனசார ஊதினது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நாற்காலி கிறீச்சிடும் சத்தம். இரைப்பு. ரொம்ப நேரம் இரைப்பு மட்டும்.

"வாணி கையில கஞ்சி கொட்டிருச்சு" என்றார். "புதுசா கல்யாணம் ஆன சமயம். பஸ்ஸுல ஊதிக்கிட்டே வந்தேன்."

"வாணி யாரு?"

"நீதான்" என்றார்.

அது அந்த நினைவைப் பிடித்துக்கொண்டது. பிறகு சொன்னது: "கை எரியுதுங்க. ஊதுங்க."

அவர் ஊதினார். நான்கில் நின்றது. என் பேச்சைக் கேட்டு நின்றது. அப்போது அந்தக் குரல், பஸ்ஸில் நான் பொய்யாகச் சொன்ன அதே வார்த்தையை, அதே இழுவையோடு சொன்னது.

"இன்னும் எரியுது."

அவர் ஊதினார்.

"இன்னும் எரியுதுங்க. விட்டுறாதீங்க."

ஊதிக்கொண்டே இருந்தார். பின்னால் எங்கோ தட்டுகிற சத்தம் மெலிதாகக் கேட்டது. கண்ணாடியைத் தட்டிய என் கைதான். ஒன்பது நொடி முடிந்தது. இருமல் வந்தது. நெஞ்சு கிழிகிற இருமல். அது அடங்க நேரமாயிற்று. அடங்கியதும், மூச்சு வாங்கிக்கொண்டே, அவர் அந்த மெஷினிடம் கேட்டார்.

"இப்ப எரிச்சல் கொறைஞ்சிருக்கா?"

"சோதனை முடிந்தது. நன்றி. அடுத்தவர் வரலாம்" என்றது என் குரல்.

அதோடு பதிவு முடிந்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்காத அறை அது. "கொறைஞ்சிருச்சுங்க. அன்னைக்குப் பாதி வழியிலேயே கொறைஞ்சிருச்சுங்க" என்று சொன்னேன். சொல்லி என்ன, கேட்க ஆள் இல்லை.

கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். பெயர், ஊர், ஒப்பந்த எண் எல்லாம் ஓயுனாவே நிரப்பி அனுப்பியிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. குரலைத் திரும்பப் பெறுவதற்கான காரணம், ஒரு வரியில் எழுதவும். கோட்டைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். நாற்பதைப் பற்றி, மூடிய மையத்தைப் பற்றி, ஓயுனாவின் அம்மாவைப் பற்றி எழுதலாம். அதெல்லாம் கூட்டத்தில் பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

நான் எழுதினேன்: "அவர் கேட்டதற்கு அது பதில் சொல்லவில்லை."